பழைய பைக்கில் கிளட்ச் ஸ்லிப்: பிளேட் வாங்குவதற்கு முன் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

மேடு ஏறும்போது ஆக்சிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் கத்துகிறது, வண்டி மட்டும் அதே வேகத்தில் நகர்கிறது. யாரிடம் கேட்டாலும் வரும் பதில் ஒன்றுதான்: "பிளேட் தேஞ்சு போச்சு, மாத்திடுங்க." பல நேரம் அது சரிதான். ஆனால் கேபிளில் ஆட்டம் இல்லாமல் போனாலும், பொருந்தாத ஆயிலை ஊற்றினாலும் இதே கோளாறு வரும். அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் புது பிளேட் போட்டால் அதுவும் சீக்கிரமே கருகும். ஆகவே வெளியிலிருந்து தொடங்கி, கழற்றத் தேவையில்லாதவற்றை எல்லாம் பார்த்து முடித்த பிறகே கவரில் கை வைக்க வேண்டும்.

இங்கே சொல்வது ஆயிலில் நனைந்து ஓடும் பல பிளேட் கிளட்ச் உள்ள கியர் வண்டிகளுக்கு. ஆயில் படாமல் காய்ந்து ஓடும் ட்ரை கிளட்ச் வண்டிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும். பெல்ட்டில் ஓடும் கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்குப் பொருந்தாது.

பிடிப்பு எங்கிருந்து வருகிறது

கிளட்ச் ஹவுசிங்கோடு சேர்ந்து சுற்றுபவை கார்க் பிளேட்கள் (உராய்வுப் பொருள் ஒட்டியவை). கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டில் இருக்கும் சென்டரோடு சுற்றுபவை ஸ்டீல் பிளேட்கள். இரண்டையும் மாற்றி மாற்றி அடுக்கி, மேலே பிரஷர் பிளேட்டை வைத்து ஸ்பிரிங்குகள் அழுத்திப் பிடிக்கின்றன. பிடிப்பின் அளவை முடிவு செய்பவை நான்கு: ஸ்பிரிங்கின் அழுத்தம், பிளேட் பரப்பின் உராய்வு, உரசும் முகங்களின் எண்ணிக்கை (5 கார்க் பிளேட் இருந்தால் 10 முகம்), பிளேட்டின் விட்டம். கடைசி இரண்டும் மாறாது. ஆகவே ஸ்லிப் என்றால் அழுத்தம் குறைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் உராய்வு குறைந்திருக்க வேண்டும். கேபிள், புஷ் ராட் (லீவரை இழுக்கும்போது பிரஷர் பிளேட்டைத் தள்ளும் கம்பி), ஸ்பிரிங், தேய்ந்த பிளேட் எல்லாம் அழுத்தக் கணக்கு. ஆயிலும் கருகிய பிளேட்டும் உராய்வுக் கணக்கு.

முதலில் ஸ்லிப்தானா என்று உறுதி செய்யுங்கள்

டாகோமீட்டர் (இன்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டர்) உள்ள வண்டியில் சந்தேகத்துக்கே இடமில்லாத சோதனை ஒன்று உண்டு. ஒரு கியரில் இன்ஜின் சுற்றுக்கும் சக்கர வேகத்துக்கும் உள்ள விகிதம் மாறவே மாறாது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, சமதளத்தில், டாப் கியரில், லேசான ஆக்சிலேட்டரில் 50 கி.மீ. வேகத்தில் போய் டாகோமீட்டர் காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு நிமிடத்துக்கு 4000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 60 கி.மீ. வேகத்தில் 4800தான் காட்ட வேண்டும். அதே டாப் கியரில் ஒரு மேட்டில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்து 60ஐத் தொடும்போது 5300 காட்டினால், இடையில் 500 சுற்று கிளட்ச்சில் தொலைகிறது. இன்ஜினிலிருந்து 8 கிலோவாட் வந்துகொண்டிருந்தால் அதில் ஏறக்குறைய 750 வாட் பிளேட்களுக்கு நடுவே வெப்பமாகிறது. சூடேறிய ஓர் இஸ்திரிப் பெட்டியை கிளட்ச் கவருக்குள் வைத்து ஓட்டுவதற்குச் சமம். "கொஞ்சம்தானே ஸ்லிப் ஆகுது" என்று மாதக்கணக்கில் ஓட்டக் கூடாது என்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

பழைய ஸ்பீடோமீட்டரின் முள் நடுங்கினால் இந்தக் கணக்கு உதவாது. டாகோமீட்டரே இல்லாத வண்டிகளுக்கும் சேர்த்து இன்னொரு சோதனை: ஆளில்லாத நேரான சாலையில் டாப் கியரில் 40-50 கி.மீ. வேகத்தில் ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து, திறந்தபடியே கிளட்ச் லீவரை ஒரு கணம் பிடித்துச் சட்டென்று விடுங்கள். இன்ஜின் சத்தம் துள்ளி ஏறும். நல்ல கிளட்ச்சில் லீவரை விட்ட உடனே, வெட்டினாற்போல, சத்தம் பழைய இடத்துக்கு இறங்கிவிடும். மேலேயே நின்று மெதுவாக இறங்கினால் ஸ்லிப். இதை ஓரிரு முறைக்கு மேல் செய்யாதீர்கள். சோதனையே பிளேட்டைக் கருக்கிவிடும்.

டாப் கியரில் ஏன்? கீழ் கியர்களில் வண்டி வேகமாக முன்னேறுவதால் இன்ஜின் சுற்றும் எப்படியும் மளமளவென்று ஏறும். நடுவே நடக்கும் சறுக்கல் காதுக்குத் தெரியாது. இன்ஜினின் விசையில் ஒரு பங்கு அதன் சொந்த ஃப்ளைவீலைச் சுழற்றவே போய்விடும். டாப் கியரில் வண்டி மெதுவாகத்தான் வேகமெடுக்கும் என்பதால் முழு விசையும் நீண்ட நேரம் கிளட்ச்சின் மேல் நிற்கிறது. ஆரம்ப நிலை ஸ்லிப் அங்கேதான் முதலில் தெரியும். முதல் கியரிலேயே ஸ்லிப் ஆகிறதென்றால் நிலைமை முற்றிவிட்டது.

பிரேக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் கிளட்ச்சை விட்டு, இன்ஜின் அணைகிறதா என்று பார்ப்பதும் வழக்கம். அணையவில்லை என்றால் கிளட்ச் மோசம் என்பது உறுதி. அணைந்தால் நல்லது என்று அர்த்தமில்லை; பாதி தேய்ந்த கிளட்ச்சும் இந்தச் சோதனையில் தேறிவிடும்.

கிக்கரிலும் ஒரு துப்பு இருக்கிறது. சில பழைய வண்டிகளில் கிக்கரின் விசை கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டிலிருந்து கிளட்ச் வழியாகத்தான் இன்ஜினுக்குப் போகும். கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை அழுத்தினால் கால் வெறுமனே இறங்குகிறதா? உங்கள் வண்டி அந்த ரகம். அதில் லீவரைத் தொடாமல் மிதிக்கும்போதும் கம்ப்ரஷனே தெரியாமல் கால் வழுக்கி இறங்கினால், வண்டியை ஓட்டாமலே ஸ்லிப்பைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

ஸ்லிப் போலத் தெரியும் வேறு கோளாறுகள்

சுற்றும் ஏறவில்லை, வேகமும் ஏறவில்லை என்றால் கிளட்ச்சைக் குறை சொல்லாதீர்கள். கார்புரேட்டர், அடைத்த சைலன்சர், கம்ப்ரஷன் குறைந்த இன்ஜின், ஒட்டிப் பிடிக்கும் பிரேக் என்று பார்வை அந்தப் பக்கம் போக வேண்டும். சத்தம் திடீரென்று அறுந்ததுபோல் ஏறி, இழுவை அடியோடு நின்று, கியரை மறுபடி மிதித்ததும் சரியானால் அது கியர் நழுவுவது. "டக் டக்" என்ற வெட்டுடன் வண்டி குலுங்கினால் தேய்ந்த ஸ்பிராக்கெட்டில் செயின் தாவுகிறது. கியர் விழுகிறது, இன்ஜின் ஓடுகிறது, செயின் அசையவே இல்லையென்றால் முன் ஸ்பிராக்கெட்டின் உள்பல் அழிந்திருக்கலாம்.

கிளட்ச் பிடித்தும் வண்டி முன்னால் நகர்வது, நியூட்ரல் விழாமல் அடம்பிடிப்பது ஆகியவை ஸ்லிப் அல்ல, நேர் எதிரான கோளாறு. அது முழுதாக விடுபடாத கிளட்ச். அதற்குக் கேபிளை இறுக்குவார்கள். ஸ்லிப்புக்குத் தளர்த்த வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஸ்லிப் ஆகும் வண்டியில் கேபிளை இழுத்துக் கட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு.

லீவர் சொல்லும் சேதி

லீவரை விரலால் மெதுவாக இழுத்தால், கனம் தெரிவதற்கு முன் சும்மா ஆடும் தூரம்தான் ஃப்ரீ பிளே. லீவர் நுனியில் அளந்தால் பெரும்பாலான வண்டிகளுக்கு 10 முதல் 20 மி.மீ.; லீவரின் அடியில், தாங்கிக்கும் லீவருக்கும் நடுவே பார்த்தால் 2-3 மி.மீ. இந்த ஆட்டம் இல்லை என்றால், கை வைக்காதபோதே கிளட்ச் கொஞ்சம் பிடித்திருப்பதாகப் பொருள்.

அளவை விட முக்கியமானது, அது எந்தப் பக்கம் மாறிக்கொண்டிருக்கிறது என்பது. கேபிள் நீண்டால் ஆட்டம் கூடும். பிளேட் தேய்ந்தால் ஆட்டம் குறையும்: அடுக்கு மெலியும்போது பிரஷர் பிளேட் உள்ளே இறங்கி புஷ் ராடை நெருங்குகிறது, இருந்த இடைவெளி போய்விடுகிறது. அட்ஜஸ்ட் செய்து சில நூறு கிலோமீட்டரில் ஆட்டம் தானாகவே காணாமல் போகிறது, மறுபடி தளர்த்த வேண்டியிருக்கிறது என்றால், கவரைத் திறக்காமலே சொல்லிவிடலாம்: உள்ளே பிளேட் வேகமாகத் தேய்கிறது.

பார்க்க வேண்டிய வரிசை இது. இன்ஜின் ஆறியிருக்கும்போது ஹேண்டிலை நேராகவும், முழு இடமும், முழு வலமும் வைத்து மூன்று முறை ஃப்ரீ பிளேயை அளங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் ஆட்டம் மறைந்தால் கேபிள் போகும் பாதை தவறு. டேங்குக்கு அடியிலோ ஹெட்லைட்டுக்குப் பின்னாலோ மாட்டியிருக்கும். அடுத்து, லீவரை மெதுவாக விட்டுப் பாருங்கள். கடைசி சில மில்லிமீட்டர் சோம்பலாகத் திரும்பினால், உள்ளே கம்பி பிரிந்தோ துருப்பிடித்தோ உறையில் உரசுகிறது. அந்தக் கேபிளுக்கு எண்ணெய் விட்டு ஓட்டுவதை விட மாற்றுவதே மேல். பிறகு இன்ஜின் பக்கம் கேபிளைக் கழற்றி, அது இழுக்கும் சிறிய கையை விரலால் அசையுங்கள். கொஞ்சம் சும்மா ஆடி, பிறகு கனமாக நிற்க வேண்டும். ஆடவே இல்லை என்றால் கேபிளில் எவ்வளவு தளர்த்தினாலும் பயனில்லை. புஷ் ராட் பக்கமே இறுகியிருக்கிறது.

புஷ் ராட் அட்ஜஸ்டர் ஸ்குரூ உள்ள வண்டியில் முதலில் அதைத்தான் சரிசெய்ய வேண்டும், கேபிள் பிறகு. லீவர் பக்கமும் கீழேயும் உள்ள கேபிள் அட்ஜஸ்டர்களை முழுதாகத் தளர்த்துங்கள். லாக் நட்டைத் தளர்த்தி, நடு ஸ்குரூவை லேசாகத் தடை தெரியும் வரை மட்டும் உள்ளே திருப்புங்கள். அங்கிருந்து ஏறக்குறைய கால் சுற்று பின்னால் எடுத்து (வண்டியின் மேனுவல் வேறு அளவு சொன்னால் அதுதான் கணக்கு), ஸ்குரூ சுழலாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். நட்டை இறுக்கும்போது ஸ்குரூவும் கூடவே சுற்றி உள்ளே போய்விடுவது சகஜம். இறுக்கிய பின் கையை மறுபடி ஆட்டிப் பார்க்காமல் மூடாதீர்கள். அதன் பிறகு கீழ் அட்ஜஸ்டரில் பெரிய அளவையும், லீவர் பக்க அட்ஜஸ்டரில் நுணுக்கத்தையும் வையுங்கள்.

இன்னும் சந்தேகமா? ஃப்ரீ பிளேயை வேண்டுமென்றே 30 மி.மீ. அளவுக்குத் தளர்த்தி, வெறிச்சோடிய சாலையில் ஒரு சிறு தூரம் ஓட்டுங்கள். கியர் கரகரக்கும், நியூட்ரல் கிடைக்காது. நிறுத்த நேரிட்டால் இன்ஜினை அணைத்துவிடத் தயாராக இருங்கள். இந்த நிலையில் ஸ்லிப் நின்றுவிட்டால் கோளாறு கேபிள் அட்ஜஸ்ட்மென்ட்டில். நிற்கவில்லை என்றால் ஆயிலிலோ பிளேட் அடுக்கிலோ. கோளாறின் பாதி உலகத்தை ஒரே ஓட்டத்தில் ஒதுக்கிவிடலாம்.

ஹைட்ராலிக் கிளட்ச்சில் கேபிள் கிடையாது, ஆட்டமும் தானாகவே சரியாகிக்கொள்ளும். அங்கே துப்பு திரவ மட்டத்தில் இருக்கிறது. பிரேக்குக்கு நேர்மாறாக, பிளேட் தேயத் தேய கிளட்ச் ரிசர்வாயரில் மட்டம் ஏறும். இன்னொரு தந்திரமான கோளாறு: லீவர் பக்கமுள்ள மாஸ்டர் சிலிண்டரில் திரவம் திரும்பும் நுண்ணிய துளை அடைத்துக்கொண்டால், சூட்டில் விரியும் திரவம் திரும்ப வழியில்லாமல் கிளட்ச்சை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஆறியிருக்கும்போது நன்றாக ஓடி, சூடானதும் ஸ்லிப் ஆனால் இதைச் சந்தேகியுங்கள். ஸ்லிப் ஆகும் நேரத்தில் வண்டியை நிறுத்தி, கீழே உள்ள ப்ளீட் நிப்பிளை (திரவத்தை வெளியேற்றும் திருகு) ஒரு கணம் திறந்து மூடுங்கள். அழுத்தத்தோடு திரவம் பீய்ச்சி, ஸ்லிப்பும் நின்றால் துளையைச் சுத்தம் செய்ய வேண்டும், பிளேட்டில் தப்பில்லை. திரவம் பெயின்ட்டை அரிக்கும், துணி சுற்றிக்கொண்டு செய்யுங்கள்.

ஆயில்

"ஆயில் மாற்றியதிலிருந்துதான்" என்று ஒருவர் சொன்னால் மற்ற எதையும் விட்டுவிட்டு டப்பாவைப் பாருங்கள். நனைந்த கிளட்ச்சுக்கு ஜாசோ (JASO, ஜப்பானிய ஆயில் தரக் குறியீடு) எம்ஏ, எம்ஏ1 அல்லது எம்ஏ2 என்று அச்சிட்டிருக்க வேண்டும். எம்பி என்றிருந்தால் அது கிளட்ச் ஆயிலில் நனையாத வண்டிகளுக்கான, உராய்வு குறைந்த ஆயில். கார்களுக்கான மெல்லிய ஆயில்கள் பலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்த உராய்வைக் குறைக்கும் சேர்க்கைகள் இருக்கும். டப்பாவின் வட்ட முத்திரையில் "ரிசோர்ஸ் கன்சர்விங்" என்று போட்டிருந்தால் வேண்டாம். இன்ஜின் வழுவழுப்பாக ஓட என்று தனியாக விற்கும் சேர்க்கைத் திரவங்களும் இதே ரகம். வழுவழுப்பு பிஸ்டனுக்கு மட்டும் போகாது, கிளட்ச்சுக்கும் சேர்த்துத்தான் போகும்.

தவறான ஆயில் என்று தெரிந்தால் உடனே வடித்து, சரியானதை ஊற்றி, முழு ஆக்சிலேட்டரைத் தவிர்த்து 100-200 கி.மீ. ஓட்டி, மறுபடி மாற்றுங்கள். கார்க்கில் ஊறியது ஒரே தடவையில் வெளியேறாது. பிளேட் கருகுவதற்கு முன் கண்டுபிடித்திருந்தால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பிவிடும்.

வடித்த ஆயிலை விரலில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். தீய்ந்த நாற்றமும், கரும்பழுப்பு நிறத் துகள்களும் இருந்தால் ஆயில் மாற்றுவதோடு வேலை முடியாது. டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் கிளட்ச் கியர் ஆயிலில் ஓடுகிறது, அதையே பார்க்க வேண்டும். இன்ஜினையும் கிளட்ச்சையும் இணைக்கும் பிரைமரி செயினுக்குத் தனி அறை உள்ள பழைய வண்டிகளில், அந்த அறைக்குச் சொல்லப்பட்ட ஆயில் மட்டும்தான். ட்ரை கிளட்ச்சில் ஒரு சொட்டு ஆயில் கூட இருக்கக் கூடாது. இருந்தால் சீல் கசிகிறது, சீலை மாற்றாமல் பிளேட் மாற்றுவது வீண்.

திறக்க வேண்டிய கட்டம்

ஆயிலை வடியுங்கள். கிக்கரோ பிரேக் பெடலோ மறைத்தால் கழற்றுங்கள். பழைய ஜப்பானிய வகை கவர்களின் நட்சத்திரத் தலை ஸ்குரூக்கள் சாதாரண ஸ்குரூ டிரைவருக்கு வழுக்கி மழுங்கிவிடும். சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் டிரைவரே பாதுகாப்பு. ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, எந்த ஸ்குரூ எந்தத் துளையிலிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள், நீளங்கள் வேறுபடும். கவர் ஒட்டியிருந்தால் ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டுங்கள். ஸ்குரூ டிரைவரை நடுவில் நுழைத்து நெம்பினால் பிறகு ஆயில் கசியும்.

ஸ்பிரிங் போல்ட்களை எதிரெதிராக, ஒவ்வொன்றும் கால் கால் சுற்றாகத் தளர்த்துங்கள். பிரஷர் பிளேட்டும் சென்டரும் சேரும் இடத்தில் புள்ளியோ அம்போ இருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிளேட்களை எடுத்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வைப்பது நல்லது. சில வண்டிகளில் ஒரு கார்க் பிளேட் மட்டும் அகலம் குறைவாகவும், அதற்குள் மெல்லிய வளைய ஸ்பிரிங் ஒன்றும் இருக்கும். அது அதிர்வைக் குறைக்க. இடம் மாறக் கூடாது.

இப்போது அளவுகள். ஒவ்வொரு கார்க் பிளேட்டையும் வெர்னியரால் நான்கு இடத்தில் அளங்கள். பல வண்டிகளில் புதிது 3 மி.மீ. அளவில் இருக்கும், 0.3-0.4 மி.மீ. தேய்ந்தால் எல்லை. தடிமன் சரியாக இருந்தும் பரப்பு கண்ணாடிபோல் பளபளத்தால், கருகி இறுகிவிட்டது, மாற்ற வேண்டும். ஸ்டீல் பிளேட்டைத் தடித்த கண்ணாடி மேல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். பெரும்பாலும் 0.1 முதல் 0.2 மி.மீ. வரைதான் கோணல் அனுமதி. நீலம் பாரித்த பிளேட் சூட்டில் அடிபட்டது, தட்டையாக இருந்தாலும் திரும்பப் போடாதீர்கள். ஸ்பிரிங்குகளை ஒரே வரிசையில் நிற்கவைத்தாலே குட்டையானது கண்ணில் படும். நீளத்தை அளந்து மேனுவலோடு ஒப்பிடுங்கள். மாற்றினால் மொத்தமாக.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒவ்வொரு பிளேட்டும் 0.2 மி.மீ.தான் தேய்ந்திருக்கிறது, எல்லைக்குள். ஸ்பிரிங் 1 மி.மீ. குட்டை, அதுவும் எல்லைக்குள். எல்லாம் பாஸ். ஆனால் 5 பிளேட்டுக்குச் சேர்த்து அடுக்கு 1 மி.மீ. மெலிந்துவிட்டது. பொருத்தும்போது 8 மி.மீ. அமுங்க வேண்டிய ஸ்பிரிங், அடுக்கு மெலிந்ததால் 1, தானே குட்டையானதால் 1 என்று 6 மி.மீ. மட்டுமே அமுங்குகிறது. அழுத்தத்தில் கால் பங்கு போயிற்று. தனித்தனியாக அளந்து "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று அப்படியே மூடிய வண்டி மறுபடி ஸ்லிப் ஆவது இப்படித்தான்.

இதற்குக் குறுக்கு வழியாக ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைப்பார்கள். கொஞ்ச நாள் பிடிக்கும். ஆனால் லீவர் கல்லாகும், லீவரை இழுக்கும்போது ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டினால் கிளட்ச் முழுதாக விடுபடாது, கேபிளும் புஷ் ராடும் சீக்கிரம் போகும். வீடு போய்ச் சேர மட்டும் ஏற்கலாம்.

ஹவுசிங் விரல்களில் கார்க் பிளேட்டின் காதுகள் பதிந்து பள்ளம் விழுந்திருக்கும். அது ஸ்லிப்பை விட அதிகம் தருவது கிளட்ச் முழுதாக விடுபடாத கோளாறைத்தான். ஆனால் ஆழமான பள்ளத்தில் பிளேட் சிக்கினால் அடுக்கு முழுதாக இறுகாது. மேலோட்டமான பள்ளத்தை அரம் போட்டு நேராக்கலாம். ஆழம் அதிகமென்றால் ஹவுசிங்கையே மாற்றுவது உத்தமம்.

திரும்பப் பொருத்துவது

புது கார்க் பிளேட்களை (ட்ரை கிளட்ச்சுக்கு அல்ல), வண்டிக்கு ஊற்றப்போகும் அதே ஆயிலில் சில மணி நேரம் ஊறவையுங்கள். ஓர் இரவு என்றால் இன்னும் நல்லது. காய்ந்த பிளேட் முதல் நாளே கருகும். ஸ்டீல் பிளேட்டின் ஒரு பக்க விளிம்பு கூர்மையாகவும் மறுபக்கம் மழுங்கியும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே பக்கமாகப் போடுங்கள். புஷ் ராடின் முனையிலுள்ள சிறு குண்டையோ பேரிங்கையோ மறக்காதீர்கள்.

பிரஷர் பிளேட்டைக் குறிகள் சேரும்படி வைத்து, விரலால் அழுத்திப் பாருங்கள். பல்லுக்குள் பல் இறங்கி, சுற்றிலும் சம இடைவெளி தெரிய வேண்டும். பல் மேல் பல் ஏறி நின்றாலும் போல்ட்கள் இறுகும், ஆனால் பிளேட் அடுக்கு லூசாகவே இருக்கும். புது பிளேட் போட்டும் முதல் கியரிலேயே ஸ்லிப் என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். 6 மி.மீ. போல்ட்களுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும், எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில். இவை அலுமினியத் தூண்களில் ஏறும்; கை பலத்தைக் காட்டினால் தூண் உடையும்.

புது கேஸ்கெட், ஆயில், புஷ் ராட் அட்ஜஸ்ட்மென்ட், கேபிள், இதே வரிசையில். முதல் 100 கி.மீ. மேடும் பாரமும் இல்லாமல் ஓட்டி, பிறகு ஃப்ரீ பிளேயை மறுபடி அளங்கள். புது பிளேட் படிந்து அமரும்போது ஆட்டம் சற்றுக் குறைந்திருக்கும், தளர்த்திவிடுங்கள். அதன் பிறகு முன்பு குறித்து வைத்த அதே மேட்டில், அதே டாப் கியரில், 60 கி.மீ. வேகத்தில் டாகோமீட்டரைப் பாருங்கள். நம் உதாரணக் கணக்கில் 4800க்கு மேல் போகக் கூடாது.